ஒருநாள் விட்டு ஒருநாள்

என் பயிற்சியாளர் குளிர் தேசத்துக்காரர். நான் ஈப்போவில் இருக்கிறேன். மாதம் அறுநூறு வெள்ளி கட்டினால், வாரம் முழுக்க நான் எப்போது நீந்தணும், எப்போது சைக்கிள் மிதிக்கணும், எப்போது ஓடணும் என்று கைபேசிக்கு அட்டவணை அனுப்புவார். முதல் டிசம்பரில் வந்த அட்டவணையின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது: வெளியே உறைபனி என்றால் வீட்டுக்குள் மிதிக்கவும். அன்றைக்கு ஈப்போவில் முப்பத்து மூன்று டிகிரி. ஐஸ் கச்சாங் கடையைத் தவிர வேறெங்கும் உறைபனி இல்லை.

"உங்கள் ஊரில் ஆஃப் சீசன் எப்போது?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் சீசன் என்றால் டுரியான் சீசன்தான். அதையே எழுதிப் போட்டேன். "நல்லது, அதில் நீச்சல் எத்தனை கிலோமீட்டர்?" என்று பதில் வந்தது.

நாற்பத்தெட்டு வயதில் டிரையத்லானில் இறங்குவது எனக்கு நானே வைத்துக்கொண்ட சூனியம். நீந்தி, மிதித்து, ஓடி, மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கணும். இதன் நீளமான வடிவம் 1978-இல் ஹவாயில் பிறந்தது. நீச்சல்காரன் உசத்தியா, ஓட்டக்காரன் உசத்தியா, சைக்கிள்காரன் உசத்தியா என்று எழுந்த வாக்குவாதத்தைத் தீர்க்க, மூன்றையும் சேர்த்துச் செய்துபாருங்கள் என்று ஒரு கடற்படை அதிகாரி சொல்லிவிட்டார். பதினைந்து பேர் புறப்பட்டு, பன்னிரண்டு பேர் முடித்தார்கள். இரண்டாவதாக வந்தவருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, உடன் வந்தவர்கள் பீர் ஊற்றிக் கொடுத்தார்களாம். இதைக் கேட்டதும், எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் எத்தனை வாக்குவாதங்கள் உலகப் போட்டியாக மாறாமல் வீணாய்ப் போயின என்று வருத்தமாக இருந்தது.

நம் நாட்டில் அந்த நீளப் போட்டி 2000-இல் லங்காவிக்கு வந்தது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம், பதினேழு மணி நேரக் கெடு. நான் அதில் பாதியைத்தான் குறிவைத்தேன். பாதியே என் முழங்காலுக்குக் கெட்ட கனவு.

பயிற்சியாளர் முதலில் அனுப்பிய படிவத்தில் 'விளையாட்டுப் பின்னணி' என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. என் மாநிலத்துக்கு இருக்கிறதே! தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணி 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கம் வாங்கினார். கோலகங்சாரில் பிறந்த டாக்டர் எம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடியது 2017 வரை தேசியச் சாதனையாக நின்றது. நாற்பத்தொன்பது ஆண்டு! இதையெல்லாம் எழுதிவிட்டு, 'இரண்டு ஊரிலும் நான் பசியாறியிருக்கிறேன்' என்று முடித்தேன்.

பயிற்சி என்றால் வேகமாக ஓடுவது என்று நினைத்திருந்தேன். மெதுவாக ஓடச் சொல்வதற்குத்தான் காசு வாங்குகிறார்கள். வாரத்தில் பெரும்பகுதி 'இரண்டாம் மண்டலத்தில்' ஓடணும். அதாவது, மூச்சு வாங்காமல் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே போகும் வேகம். போலோ மைதானத்தில் இதை முயன்றேன். நடந்தாலே நூற்றைம்பதைத் தொடும் இதயத்தை வைத்துக்கொண்டு நான் தத்தளிக்க, மூன்று அக்காமார்கள் மருமகள் கதை பேசியபடி என்னைத் தாண்டிப் போனார்கள். ஒரு சுற்று முடிந்து மறுபடி தாண்டினார்கள். மருமகள் அதற்குள் தனிக்குடித்தனம் போயிருந்தாள். இரண்டாம் மண்டலம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

சைக்கிளுக்கு சுங்கை சிப்புட் பக்கம் போவேன். ரப்பர் தோட்டங்களாக இருந்த இடத்தில் இப்போது செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும். செம்பனைக் குலை ஏற்றிய லோரி பின்னால் வந்தால் ஹாரன் சத்தமே ஒரு பயிற்சி. ஒருநாள் பழைய லயத்துப் பக்கம் நான்கு நாய்கள் துரத்தின. மிதிவிசையை அளக்கும் கருவியில் என் வாழ்நாளின் உச்ச எண் பதிவாகியிருந்தது. மறுநாள் பயிற்சியாளரிடமிருந்து செய்தி: "அட்டவணையில் இல்லாத இந்த ஸ்பிரிண்ட் மிகப் பிரமாதம். வாரம் ஒருமுறை சேர்த்துக்கொள்ளலாம்."

இந்த அட்டவணையை ஒருநாள் அம்மா பார்த்துவிட்டார். எழுபத்து நான்கு வயது. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர்.

"என்னா தம்பி இது, செக்ரோலு மாதிரி இருக்கு?"

செக்ரோல் என்றால் தோட்டத்தில் அன்றாட வேலைக்குப் பேர் பதியும் ஏடு; முழுநாளுக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப்பேர். நான் அட்டவணையை விளக்கினேன். ஆண்டு முழுக்கத் திட்டம் உண்டு. கடினமான நாளுக்கு அடுத்த நாள் லேசான வேலை. மூன்று வாரம் ஏற்றி, நான்காவது வாரம் இறக்கணும். போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் வேலையைக் குறைத்து உடம்பைத் தேற்றணும். போட்டி முடிந்ததும் கொஞ்ச நாள் முழு ஓய்வு. இப்படி ஆண்டைப் பருவமாகப் பிரிக்கும் முறையை 1960-களில் சோவியத் ஒன்றியத்து நிபுணர் மட்வேயெவ் வகுத்து எழுதினார் என்றும் சொன்னேன்.

"அவரு எந்தத் தோட்டம்?"

அம்மா கேட்டது கிண்டல் இல்லை. தோட்டத்திலும் இதே கணக்குதான். ஒரு மரத்தை இன்று வெட்டினால் நாளைக்கு வெட்டக்கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள். பட்டையைச் சுற்றிலும் வெட்டக்கூடாது, பாதிச் சுற்றுதான். உளி உள்ளே இறங்கி மரத்தில் காயம் பட்டால் கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசுவார். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்தால் பால் குறையும், மரம் தளிர்க்கும்வரை அதை விரட்டக்கூடாது. விடியுமுன் வெட்டணும், ஏனென்றால் மரத்துக்குள் நீரழுத்தம் அப்போதுதான் உச்சம். வெயில் ஏறினால் ஒழுக்கு நின்றுபோகும். பேராசைப்பட்டு தினமும் வெட்டினால்? பட்டை காய்ந்து, பால் பிடிக்கும் மங்கு வெறுமனே தொங்கும். பயிற்சியாளர் இதற்கு 'ஓவர்டிரெய்னிங்' என்று பெயர் வைத்து எட்டுப் பக்கம் அனுப்பியிருந்தார்.

1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. நானும் சைக்கிளை நிறுத்தி அதைப் பார்த்திருக்கிறேன். நூற்றைம்பது வருடத்தை நெருங்கும் மூத்த வீரர்.

பால் பெருகுவதற்குப் பட்டையில் மருந்து தடவும் வழக்கமும் உண்டு என்றார் அம்மா. என் சட்டைப் பையில் இருந்த காஃபின் ஜெல் பொட்டலத்தை மெதுவாக உள்ளே தள்ளினேன். வயதான மரத்தை அழிக்கப்போகும் முன், எப்படியும் சாகத்தானே போகிறது என்று ஓய்வே கொடுக்காமல் மேலும் கீழும் வெட்டி உறிஞ்சுவார்களாம். அதற்குப் பெயர் எங்கள் டிரையத்லான் பக்கம் போட்டி நாள்.

"அப்ப மரத்துக்கு நல்லாத்தான் லீவு குடுத்திருக்காங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் நீங்க என்னாம்மா செய்வீங்க?"

"அடுத்த நிரைக்குப் போவேன்."

மரத்துக்குத்தான் கோச் இருந்தார்.

அம்மாவின் ஒரு நாளை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பிறகு ஐந்நூறு அறுநூறு மரம் வெட்டு. அது முதல் கட்டம். பால் சொட்டி முடியும்வரை தேத்தண்ணியும் ரொட்டியும். இதைத்தான் டிரையத்லான்காரர்கள் 'டிரான்சிஷன்' என்று சொல்லி, விநாடி மிச்சம்பிடிக்க ஈர உடம்போடு சைக்கிளில் தொற்றுகிறார்கள். பிறகு மங்கு மங்காகப் பால் எடுப்பு, இரண்டாம் கட்டம். கடைசியில் இரண்டு வாளியையும் தோளில் மாட்டிக்கொண்டு மேடு பள்ளமாய் ஸ்டோருக்கு. வழியில் வழுக்கி விழுந்து பாலைக் கொட்டினால் அன்றைய உழைப்பு மண்ணுக்கு. நான் இன்னும் ஒரு போட்டியைக்கூட முடிக்கவில்லை. அம்மா முப்பது வருடம், ஆண்டு முழுக்க, மழை நாள் தவிர முடித்திருக்கிறார்.

"போட்டியில செயிச்சா எவ்வளவு குடுப்பாங்க?"

"குடுக்க மாட்டாங்கம்மா. நாமதான் கட்டணும். ஆயிரம் வெள்ளிக்கு மேல."

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டார். "வேலையும் செஞ்சு, காசும் கட்டணுமா? அந்த வெள்ளைக்காரன்கூட எங்களுக்கு இத செய்யலயே!"

அதிலிருந்து என் பயிற்சி அம்மாவின் மேற்பார்வைக்கு மாறிவிட்டது. குளிர் தேசத்து அட்டவணை வரும், அம்மா திருத்துவார். ஐந்து மணிக்குக் கதவைத் தட்டுவார், "பெரட்டு!" என்பார். பிப்ரவரியில் எனக்கு நாடித்துடிப்பு ஏறி, தூக்கம் கெட்டு, சைக்கிளைப் பார்த்தாலே எரிச்சல் வந்தபோது, பயிற்சியாளர் மூன்று கேள்வித்தாள் அனுப்பினார். அம்மா முகத்தைப் பார்த்து, "இலை உதிருது, விடு" என்றார். பத்து நாள் சாப்பிட்டுத் தூங்கினேன். நாடி இறங்கியது. பயிற்சியாளர் தன் திட்டம் வேலைசெய்கிறது என்று மகிழ்ந்து எழுதினார். நான் மறுக்கவில்லை, சந்தா கட்டியாகிவிட்டது.

போன சனிக்கிழமை நூறு கிலோமீட்டர் எழுதியிருந்தது. புறப்படத் தாமதம். கோலகங்சார் தாண்டித் திரும்பும்போது மேற்கே கறுத்து, இடி இறங்கியது. ஒரு பெட்டிக்கடையில் ஒதுங்கி, மழை விடாததால் நண்பனின் வேனில் சைக்கிளைப் போட்டு வீடு வந்தேன். கடிகாரத்தில் 52 கிலோமீட்டர்.

அம்மா கடிகாரத்தை வாங்கிப் பார்த்தார். அடுப்படிக்குப் போனார். கிளாஸில் பாதி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார்.

"இன்னிக்கு உனக்கு அரைப்பேருதான்."