ஊசி உங்களுக்கு, சமாதானம் சுற்றத்தாருக்கு: முதல் நாலு வாரக் கையேடு

எடை குறைக்கும் வார ஊசி இந்தியக் கடைகளுக்கு வந்தது 2025இல். மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வீகோவி. ஊசியை எப்படிப் போட்டுக்கொள்வது என்று பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறார்கள். போட்டுக்கொண்ட பிறகு மாமியாரையும் சித்தியையும் பந்தி பரிமாறுபவரையும் எப்படிச் சமாளிப்பது என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கையேடு. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

1. ஃப்ரிட்ஜில் இடம் பிடியுங்கள்

பிரிக்காத ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் குப்பைக்குத்தான். ஆக, இட்லி மாவுக்கும் நேற்றைய வத்தக்குழம்புக்கும் நடுவில்தான் அதற்கு இடம். யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்ளலாம் என்ற உங்கள் திட்டம் அத்தோடு முடிந்தது. கறிவேப்பிலை தேடி வந்த கை பெட்டியை வெளியே எடுத்துவிடும். "இது யாருக்கு?" என்று கேட்டால் "சுகருக்கு" என்று மழுப்பாதீர்கள். இந்த வகை மருந்துகள் முதலில் சர்க்கரை நோய்க்காக வந்தவைதான். ஆனாலும் அப்படிச் சொன்ன மறுநாள் காலை பாகற்காய் ஜூஸ், ஆவாரம்பூ கஷாயம், ஊறவைத்த வெந்தயம் மூன்றும் உங்கள் முன்னால் இருக்கும்.

2. நாள் பாருங்கள்

வாரத்துக்கு ஒன்று. காலையோ இரவோ, சாப்பிட்டோ சாப்பிடாமலோ போடலாம். ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எதுவும் மருந்துக்குத் தெரியாது. நீங்கள் பார்க்க வேண்டியது முகூர்த்த நாள். ஊசி போட்ட ஓரிரு நாளில்தான் பலருக்குக் குமட்டல் தலைகாட்டும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் இருக்க, வெள்ளிக்கிழமை குத்திக்கொள்வது வம்பை விலைக்கு வாங்குவது. வைகாசி, ஆவணி போன்ற மாதங்களில் திங்கட்கிழமை உத்தமம்.

3. குத்துங்கள்

தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயிற்றில், அல்லது தொடையில். வாராவாரம் இடத்தை மாற்றுங்கள். பிடிக்கச் சதை கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். அந்தக் கவலை உள்ளவருக்கு இந்த மருந்தே வேண்டாம். போட்ட ஊசியை அப்படியே குப்பைப் பையில் வீசாதீர்கள். அதை எடுக்க வருபவரின் கை உங்கள் எடைக்குப் பொறுப்பல்ல.

4. எடை மெஷினைப் பரணில் போடுங்கள்

முதல் நாலு வார அளவு, மவுன்ஜாரோ என்றால் 2.5 மில்லிகிராம், வீகோவி என்றால் 0.25. இது உடம்பைப் பழக்கத்தான், இளைப்பு பிறகு. ஆனால் நீங்கள் மறுநாள் காலையே மெஷினில் ஏறுவீர்கள். செருப்பில்லாமல், வாட்ச் இல்லாமல், மூச்சை வெளியே விட்டு. பிறகு ஹாலில் தரை சரியில்லை என்று அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூஜை அறை டைல்ஸில் வைப்பீர்கள். கடவுள் சன்னிதியிலும் அதே கிலோதான்.

5. பந்தியில் உட்காருங்கள்

கையேட்டின் கடினமான பாடம் இது. மருந்து மூளையிடம் "பசி இல்லை" என்று சொல்கிறது; இரைப்பையிலிருந்து சாப்பாடு இறங்குவதையும் தாமதப்படுத்துகிறது. சாம்பார் வாளியுடன் வருபவரிடம் பேசும் அளவுக்கு விஞ்ஞானம் இன்னும் வளரவில்லை.

நாலு வாய் சாம்பார் சாதத்தில் உங்களுக்கு வயிறு நிறைந்துவிடும். இலைக்குக் குறுக்கே கையை நீட்டுவீர்கள். வாளிக்காரர் உங்கள் முகத்தைப் பார்க்கவே மாட்டார். "ரசம் ஜீரணத்துக்கு நல்லது சார்" என்பார். விரலிடுக்கு வழியே சுடச்சுட ஒரு கரண்டி இறங்கும். அது ஓடி ஜாங்கிரியைத் தொடும்போது பெண்ணின் அப்பா பின்னால் வந்து நிற்பார். "ஏன், சமையல் சரியில்லையா?" இரைப்பை, ஹார்மோன் என்று ஆரம்பிக்காதீர்கள். "பிரமாதம், காலையில கேசரி ரெண்டு தரம் வாங்கிட்டேன்" என்று சொல்லுங்கள். சில பொய்கள் சம்பந்தங்களைக் காப்பாற்றும்.

கூடுதலாக ஒரு உத்தி: பசியோடு இருக்கும் கல்லூரிப் பையனாகப் பார்த்துப் பக்கத்தில் உட்காருங்கள். கை வைக்கும் முன்பே வடையும் அப்பளமும் அவன் இலைக்குப் போய்விட வேண்டும். அவசரமாக, எண்ணெய்ப் பண்டத்தை, வயிறு முட்டச் சாப்பிட்டால் அன்று இரவு உங்களுக்குச் சிவராத்திரி.

6. வயிற்றின் பேச்சைக் கேளுங்கள், வீட்டாரின் பேச்சை அல்ல

ஏப்பம், குமட்டல், மலச்சிக்கல், சிலருக்குப் பேதி. பலருக்கும் இவை வாரங்கள் போகப்போகக் குறையும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். நீங்கள் புதிதாகக் கல்யாணமான பெண்ணாக இருந்து, காலையில் வாந்தியும் எடுத்தால், மதியத்துக்குள் செய்தி மதுரை வரை போய்விடும். செய்தி நிஜமாக இருக்க வாய்ப்பிருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்: கர்ப்பத்தில் இந்த மருந்து கூடாது; மவுன்ஜாரோ கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கவும் கூடும்.

வயிற்றில் தாங்க முடியாத வலி வந்து முதுகுக்கும் பரவினால், "வாயு பிடிச்சிருக்கும், பெருங்காய மோர் குடி" என்பார்கள். மோர் பிறகு, முதலில் ஆஸ்பத்திரி. கணையம் வீங்கியிருக்கலாம்.

7. பாராட்டை எதிர்பார்க்காதீர்கள்

கஷ்டப்பட்டுக் குறைத்த மூன்று கிலோவைப் பார்த்து நம் ஊரில் யாரும் கைதட்டுவதில்லை. "என்ன முகமே ஒட்டிப்போச்சு? வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள். கோபம் வேண்டாம், அதில் பாதி நியாயம். கொழுப்போடு தசையும் கரையும். சாப்பாடு குறையும்போது இரண்டு இட்லியில் நிறுத்தாதீர்கள். முட்டை, சுண்டல், மீன், பனீர் என்று புரதம் முதலில் போகட்டும், சாதம் பிறகு. கொஞ்சம் எடையும் தூக்குங்கள்.

8. மிச்சத்தைக் கவனியுங்கள்

நீங்கள் பாதிதான் சாப்பிடுகிறீர்கள். உலையில் போடும் அரிசி குறையவில்லை. மீதி எங்கே போகிறது? "வீணாப் போகுதே" என்று சமைத்தவர் தன் தட்டில் போட்டுக்கொள்கிறார். உங்களிடம் குறைந்த கிலோ வீட்டை விட்டுப் போகவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது.

ஊசியை நிறுத்தினால் பசி திரும்பும். வீகோவியில் இருக்கும் செமாகுளூடைட் மருந்து பற்றிய ஆய்வு ஒன்றில், நிறுத்திய ஒரே வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. எனவே மருந்து உங்கள் வயிற்றை அடக்கியிருக்கும்போதே வீட்டின் அளவை மாற்றிவிடுங்கள். அரிசி அளக்கும் இடத்துக்கு நீங்களே போய் அரை டம்ளரைக் குறையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த சீட்டு சமைப்பவர் பெயரில் எழுத வேண்டிவரும். மவுன்ஜாரோ இங்கே வந்தபோது ஆரம்ப அளவுக் குப்பி ஒன்றின் விலை 3,500 ரூபாய். குடும்பத்தோடு வந்தால் தள்ளுபடி தரும் வழக்கம் மெடிக்கல் ஷாப்பில் கிடையாது.