உப்புக்காற்றும் உப்புத்தாளும்

கேள்வி: காரைக்கால் கோட்டுச்சேரி வீட்டுப் பரணில் கால் ஆடிக் கிடக்கும் தாத்தா காலத்துத் தேக்கு நாற்காலி இனி விறகுதானா?

பதில்: பிரெஞ்சு ஆட்சி 1954-இல் காரைக்காலை விட்டுப் போனது, அந்தக் காலத்துத் தேக்கு இன்னும் போகவில்லை. வைரம் பாய்ந்த தேக்கில் எண்ணெய் ஊறியிருப்பதால் கரையான் எளிதில் அண்டாது. கடலோரத்தில் முதலில் சாவது இரும்பு ஆணிதான். அதைப் பிடுங்கிப் பித்தளைத் திருகாணி போடவேண்டும். அடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியை வைத்ததும் பழைய பூச்சு பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ், ஸ்பிரிட்டிலேயே கழன்றுவிடும்.

உப்புக்காற்று கெடுத்ததை உப்புத்தாள் மீட்கும். ஆனால் மரரேகை ஓடும் திசையிலேயே தேய்க்கவேண்டும். குறுக்குக் கீறல் பாலிஷ் ஏறியதும் பளிச்சென்று தெரியும். பிறகு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின், ஏற்றலாம். மழைநாளில் பூசினால் ஈரம் சிக்கி வெளுத்துவிடும். ஐப்பசியும் கார்த்திகையும் கழியட்டும்.