90 அடிக்கு எவ்வளவு எக்ஸ்ட்ரா?

அம்பத்தூர், ஆவடி பக்கம் போர் போட்டுத் தண்ணீர் வந்தாலே சூடம் ஏற்றிக் கும்பிடுகிறோம். எண்ணெய்க்கு எங்கே போவது? ஆனால் எண்ணெய்க் கிணற்று ஆட்கள் மட்டும் இங்கே உண்டு. அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளில் வெல்டராகவும் ஃபிட்டராகவும் கை பழகி, ட்ரேட் டெஸ்டில் தேறி, மும்பைக் கடலுக்கோ மஸ்கட்டுக்கோ போய்விட்டவர்கள். பலருக்கு 28 நாள் ரிக், 28 நாள் வீடு. அவர்கள் தலையில் இன்ஷூரன்ஸ் கட்டுவதுதான் என் பிழைப்பு.

ஆவடி டாங்க் ஃபாக்டரிக்காரர்களிடம் இந்தப் பாடு கிடையாது. பிரீமியத்தைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். ரிக்காரரைப் பிடிக்கத்தான் பஞ்சாங்கம் பார்க்க வேண்டும். வந்த முதல் வாரம் தூங்குவார். இரண்டாம் வாரம் கல்யாணம், காதுகுத்து. மூன்றாம் வாரம் திருநின்றவூரில் மனை பார்ப்பார். நான்காம் வாரம் கையில் காசு இருக்காது. காதுகுத்து முடிந்து மனை புரோக்கர் வருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிக்கும். அன்றைக்குப் போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி: "275 ரூபாய்க்கே 10 லட்சம் தர்றாங்களே சார்?"

பொய்யில்லை. குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் வளைகுடா போகிறவர்கள், மத்திய அரசின் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' எடுத்துத்தான் ஆக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடமானாலோ 10 லட்சம். இந்தப் போட்டியை வைத்துக்கொண்டு நான் மாசம் நாலாயிரம் கேட்கிறேன்.

"அது விபத்துக்குத்தாங்க. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு..." என்று இழுத்தேன்.

"சாவுன்னு நேரா சொல்லுங்க சார். டெய்லி காலையில வேலைக்கு முன்னாடி மீட்டிங் போட்டு அதைத்தான் பேசுறோம்."

இப்படிச் சொன்னவர் திருமுல்லைவாயல்காரர், டெரிக்மேன். ரிக் கோபுரத்தில் ஏறக்குறைய 90 அடி உயரத்தில், மங்கி போர்டு என்ற பலகையில் நின்று, மேலே வரும் குழாய்களை வாங்கி அடுக்குகிறவர். இறந்தால் மட்டுமே பணம் தரும் டேர்ம் பாலிசியை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பொழச்சிக் கெடந்தா எனக்குத்தான் நஷ்டமா?" என்றார். இத்தனை வருஷத்தில் இதற்கு எனக்கு ஒரு நல்ல பதில் சிக்கவில்லை. மெச்சூரிட்டியில் பணம் திரும்ப வரும் பாலிசிப் பக்கத்தைப் புரட்டினேன். முகம் மலர்ந்தது.

தொழில் என்ற கட்டம் வந்தது. "மெக்கானிக்னு போடுங்க சார். ரிக்குன்னா எக்ஸ்ட்ரா கேப்பாங்க."

முடியாது என்றேன். இன்ஷூரன்ஸ் சட்டம் 45-ஆம் பிரிவின்படி, முதல் மூன்று வருஷத்துக்குள் பொய் தெரிந்தால் கம்பெனி பாலிசியைக் கிண்டிக் கிளறலாம். அதற்குப் பிறகு வாய் திறக்க முடியாது.

"அப்ப மூணு வருஷம் மேலேர்ந்து விழாம இருந்தா போதுமா?"

உண்மையையே எழுதினேன், மங்கி போர்டு உட்பட. மறுநாள் ஆபீசிலிருந்து போன்: "பார்ட்டிக்கு வண்டலூர் ஜூவுலயா வேலை?"

விளக்கினேன். எக்ஸ்ட்ரா பிரீமியம் விழுந்தது. ஆயிரம் ரூபாய் காப்புக்கு இவ்வளவு என்று கணக்கு. கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். 2005 ஜூலை 27 அன்று, விரலில் அடிபட்ட ஒரு சமையல்காரரைச் சிகிச்சைக்காக மும்பை ஹை எண்ணெய் மேடையில் ஏற்றிவிட வந்த கப்பல், மேடையின் எரிவாயுக் குழாயில் மோதியது. தீயில் 22 பேர் போனார்கள். எக்ஸ்ட்ரா கேட்பவர்களுக்கு இதெல்லாம் மறக்காது.

ஆனால் டெரிக்மேனுக்கு ஆறவில்லை. "அங்க மாடிப்படியில கைப்பிடியைப் பிடிக்காம இறங்கினாலே திட்டுவாங்க சார். பெல்ட் மாட்டாம ஒருத்தனும் மேல போக முடியாது. தப்பா ஏதாவது கண்ணுல பட்டா, நேத்து சேர்ந்த பையன்கூட வேலையை நிறுத்தச் சொல்லலாம். ஹெலிகாப்டர்ல ஏத்தறதுக்கு முன்னாடி எங்களைக் கூண்டுல கட்டித் தண்ணிக்குள்ள தலைகீழாக் கவுத்துப் பழக்குறாங்க. இதுக்கு எக்ஸ்ட்ராவா?"

மறுவாரம் அவரைக் கரையான்சாவடியில் பார்த்தேன். வண்டியில் முன்னால் ஒரு குழந்தை, பின்னால் மனைவி, நடுவில் இன்னொரு குழந்தை, மனைவி மடியில் 10 கிலோ அரிசி. பூந்தமல்லி சாலையில் ராங் சைடில், தண்ணீர் லாரிக்கு எதிரே வந்துகொண்டிருந்தார். ஹெல்மெட் முழங்கையில் பத்திரமாக இருந்தது. என்னைப் பார்த்து அந்தக் கையையே ஆட்டினார். இதற்கு எக்ஸ்ட்ரா போட ஃபார்மில் கட்டமே கிடையாது.

கடைசியாக நாமினி. ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒரு நாற்காலியில் அம்மா, ஒரு நாற்காலியில் மனைவி. இருவரும் டிவி பார்த்தார்கள். டிவி ஆஃப் ஆகியிருந்தது.

"யார் பேர் போடலாம்?" என்றேன்.

90 அடி உயரத்தில் காற்றில் ஆடாத மனிதருக்கு வியர்த்துவிட்டது. "வண்டிக்குப் பெட்ரோல் போட்டுட்டு வந்துடறேன் சார்" என்று எழுந்தார். நான் விடவில்லை. அம்மாவை ஒருமுறை பார்த்தார், மனைவியை ஒருமுறை பார்த்தார், ஓரமாகப் பரமபதம் ஆடிக்கொண்டிருந்த எட்டு வயது மகளைப் பார்த்தார்.

"பாப்பா பேரைப் போடுங்க!"

அம்மா தலையசைத்தார். மனைவியும் தலையசைத்தார். காபி வந்தது, கூடவே முறுக்கும் வந்தது. நானும் நிம்மதியாகப் பேனாவை எடுத்து, அடுத்த வரியைச் சத்தமாகப் படித்துத் தொலைத்தேன்:

"நாமினி மைனர் என்றால், அவர் சார்பில் பணத்தை வாங்கப்போகும் பெரியவர் யார்?"

இரண்டு நாற்காலிகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.