கடல் தேங்காயும் காத்திருக்கும் தோட்டக்காரரும்

பனைக் குடும்பத்துத் தாவரங்களை வளர்ப்போர் பொறுமைசாலிகள் என்று கருதப்படுவதற்குக் காரணம், பொறுமையற்றவர்கள் முதல் சில ஆண்டுகளுக்குள் ரோஜாவுக்கு மாறிவிடுவதே ஆகும். அவ்வாறு எஞ்சியோரையும் சோதிப்பதற்கென்றே படைக்கப்பட்டதுபோல், இந்தியப் பெருங்கடலின் சீஷெல்ஸ் தீவுக்கூட்டத்தில் பிராலின், குரியூஸ் என்னும் இரு தீவுகளில் மட்டும் இயற்கையாக வளரும் ஒரு பனை உண்டு. தமிழகத்து நாட்டு மருந்துக் கடைகளில் கடல் தேங்காய் என்று துண்டுகளாக விற்கப்படும் பருப்பு இதன் காயிலிருந்து வருவதே. தாவர உலகிலேயே மிகப் பெரிய விதை இதனுடையது. 25 கிலோ வரை எடையுள்ளது. அவ்விதை மனித இடுப்பின் வடிவை ஒத்திருப்பதைத் தாவரவியல் நூல்கள் சற்றுக் கூச்சத்துடனும், கடவுச்சீட்டில் அதே வடிவத்தில் முத்திரை குத்தும் சீஷெல்ஸ் அதிகாரிகள் கூச்சம் சிறிதுமின்றியும் ஒப்புக்கொள்கின்றனர்.

மரம் எங்கிருக்கிறது என்பதை உலகம் அறியும் முன்பே காய் புகழ்பெற்றுவிட்டது. மாலத்தீவுக் கரைகளில் எப்போதாவது ஒதுங்கும் காயை மன்னரிடம் ஒப்படைக்காமல் வைத்துக்கொள்வது அங்கே கடுந்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. கடலடியில் வளரும் மரத்தில் இது காய்ப்பதாக அறிஞர்கள் எழுதிவைத்தனர். நஞ்சை முறிக்கும் ஆற்றல் கொண்டதென்று நம்பிய ஐரோப்பிய அரசவைகள் இதைப் பொன்னுக்கு நிகராக மதித்தன. பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் பொற்கொல்லர் அன்டோன் ஷ்வைன்பெர்கர் 1602இல் இக்காயின் ஒரு பாதியை வெள்ளியில் பதித்துச் செய்த குடுவை இன்றும் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவெனில், உயிருள்ள விதை கனம் தாங்காமல் கடலில் மூழ்கிவிடும். உள்ளே பருப்பு அழுகிக் கூடான காய் மட்டுமே மிதக்கும். ஆகவே முளைக்கும் தகுதியை முற்றிலும் இழந்த காய்க்காகவே மன்னர்கள் சட்டம் இயற்றிக்கொண்டிருந்தனர்.

1768இல் பிரெஞ்சுக்காரர்கள் பிராலின் தீவில் மரத்தையே கண்டுவிட்டனர். அடுத்து, கப்பல் நிறையக் காய்களை ஏற்றி இந்தியாவில் கொண்டுவந்து இறக்கியதும் விலை சரிந்தது. நஞ்சுமுறிப்பு என்ற பெருமையும் கூடவே மங்கியது என்பதால், கிடைப்பதற்கரிய பொருளாக இருந்ததே அதன் மருத்துவ குணத்தில் பெரும்பங்கு வகித்தது என்று கருத இடமுண்டு. 1881இல் சீஷெல்ஸுக்கு வந்த பிரிட்டிஷ் தளபதி சார்லஸ் கோர்டன், பிராலினின் மே பள்ளத்தாக்கே ஏதேன் தோட்டம் என்றும், இம்மரமே விலக்கப்பட்ட கனியின் மரம் என்றும் முடிவுகட்டினார். பனையின் உச்சியில் தொங்கும், கோடரியின்றி உரிக்க இயலாத அக்கனியை ஏவாள் எவ்வாறு பறித்துக் கடித்தாள் என்பது இறையியலைவிடத் தோட்டக்கலைக்கே உரிய கேள்வி.

வளர்க்கும் முயற்சியில் இறங்குவோர்க்கு இன்னல் முளைப்பதிலேயே தொடங்குகிறது. பெரும்பாலான விதைகள் கிடக்கும் இடத்திலேயே முளைவிடும் நாகரிகம் கொண்டவை. கடல் தேங்காயோ, முளைக்கருவை நுனியில் ஏந்திய கயிறு போன்றதொரு காம்பை நிலத்தடியில் நீட்டி, தாய்மரத்தின் நிழலுக்கும் வேர்ப்போட்டிக்கும் தப்பிச் சில மீட்டர் தொலைவு சென்று, அங்கே இளஞ்செடியை நிறுத்துகிறது. விதையில் சேர்த்துவைக்கப்பட்ட உணவு அக்காம்பின் வழியே அதற்கு ஊட்டப்படுகிறது. காட்டில் இது அறிவார்ந்த ஏற்பாடு. தொட்டியில் வளர்ப்பவருக்கோ, விதையை ஓரிடத்தில் வைத்துவிட்டுச் செடியை இன்னோரிடத்தில் எதிர்பார்க்கும் நிலை. ஆகவே கிணறு போன்ற ஆழமான தொட்டியைக் கட்டிக் காம்பை நேர்கீழாக இறங்கும்படி வழிப்படுத்த வேண்டியுள்ளது. இத்தனைக்குப் பின் முதல் இலை தலைகாட்ட ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்பதால், அதுவரை வெறும் மண்ணுக்கு நாள்தோறும் நீரூற்றும் ஒருவரைப் பற்றி அண்டைவீட்டார் என்ன எண்ணுவர் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

இலைகள் வந்தபின் இடம்தான் பற்றாக்குறை. தண்டு மண்ணுக்கு மேல் தெரியவே பதினைந்து ஆண்டுகள் போல ஆகும். ஆனால் அதற்கு முன்பே இலைகள் பல மீட்டர் நீளத்துக்கு விரிந்து, அதே தோட்டத்தின் ஏனைய செடிகளுக்கு வெயில் என்ற ஒன்று இருப்பதையே மறக்கச் செய்துவிடும். அகன்ற இலைகள் புனல்போல் குவிந்து மழைநீரையும் அதனோடு வரும் சருகையும் மகரந்தத்தையும் தம் அடிமரத்துக்கே திருப்பிவிடுவதால், சத்தற்ற மண்ணிலும் இம்மரம் தனக்கான உரத்தைத் தானே திரட்டிக்கொள்கிறது. உரமிடும் பெருமையும் இவ்வாறு தோட்டக்காரர் கையைவிட்டுப் போகிறது.

இவ்வளவுக்கும் பிறகு அது ஆணா பெண்ணா என்பது தெரியாது. ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி மரங்களில் தோன்றும் இனமாகையால், முதற்பூ வரும்வரை, அதாவது கால் நூற்றாண்டோ அதற்கு மேலோ, பதில் கிடைப்பதில்லை. புயலடிக்கும் இரவுகளில் ஆண்மரங்கள் பெயர்ந்து நடந்து பெண்மரங்களைச் சேரும் என்றும், அதைக் கண்டவர் பிழைப்பதில்லை என்றும் சீஷெல்ஸில் ஒரு கதை வழங்குகிறது. தோட்டங்களில் வளரும் மரங்களுக்கு இவ்வசதி வாய்க்கவில்லை. கொல்கத்தாவை அடுத்த சிவ்பூர் தாவரவியல் பூங்காவில் 1894இல் நடப்பட்ட மரம் ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்துப் பூத்துத் தான் பெண் என்று அறிவித்தபோது, இந்தியாவில் அதற்கு இணையாக ஓர் ஆண்மரம் இல்லை. வரன் தேடும் படலம் கடல்தாண்டிச் சென்றது. இலங்கையிலிருந்து வரவழைத்த மகரந்தம் பலனளிக்காமல் போக, தாய்லாந்திலிருந்து வந்த மகரந்தத்தால் 2013இல் அறிவியலாளர்கள் கருவுறச் செய்தனர். கருவுற்ற காய் முற்ற ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஆகவே மகரந்தம் தூவிய அலுவலரே காயையும் இறக்க வேண்டுமானால், பணிமாறுதல் ஆணைகளும் மரத்தோடு ஒத்துழைத்திருக்க வேண்டும். 2020இல் இரண்டு காய்கள் இறக்கப்பட்டன. மரத்தின் வயது அப்போது 125ஐத் தாண்டியிருந்தது. அதை நட்டவர்கள் பூவையே பார்த்திருக்க வாய்ப்பில்லை.