சானடோரியத்தில் நிற்குமா, நிற்காதா?

கேள்வி: பீச் – செங்கல்பட்டு மின்சார ரயில் அட்டவணையை வெப் பக்கமாகச் செய்கிறேன். எந்த வரியைத் தொட்டாலும் அந்த ஸ்டேஷன் விவரம் வர வேண்டும். விவரத்தை எங்கே ஒட்டுவது? (பெருங்களத்தூர்)

பதில்: அந்த வரியின் டேகிலேயே ஒட்டுங்கள். 'டேட்டா-கோடு' என்று ஒரு ஆட்ரிபியூட் போட்டு, தாம்பரத்துக்கு 'டிபிஎம்' கொடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் டேட்டாசெட் வழியாக எடுக்கலாம். எச்டிஎம்எல் 5-க்கு முன்பு இதையெல்லாம் கிளாஸிலும் டைட்டிலிலும் திணித்தோம். மவுஸ் பட்டால் போதும், டைட்டிலில் ஒளித்தது வெளியே எட்டிப் பார்க்கும்.

கேள்வி: டிபிஎம் என்று தேடினால் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனும் சேர்ந்து வருகிறதே? (சேலையூர்)

பதில்: அதன் கோடு டிபிஎம்எஸ். 'டிபிஎம்மில் தொடங்குவது' என்று கேட்டால் அதுவும் வரத்தான் செய்யும். செலக்டரில் சமக்குறிக்கு முன்னால் இருக்கும் கேரட் குறியை (^) எடுத்துவிட்டு வெறும் சமக்குறி போடுங்கள்.

கேள்வி: சானடோரியத்தில் நிற்காத ஃபாஸ்ட் லோக்கலுக்கு 'டேட்டா-ஸ்டாப்'பில் ஃபால்ஸ் என்றுதான் போட்டேன். என் பக்கத்தில் மட்டும் வண்டி நிற்கிறது! (குரோம்பேட்டை)

பதில்: சானடோரியம்வாசிகள் உங்களுக்கு மாலை போடுவார்கள். டேட்டா ஆட்ரிபியூட்டில் எதை வைத்தாலும் அது ஸ்ட்ரிங். காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 'ஆமாம்'தான்; 'ஃபால்ஸ்' என்று எழுதியிருந்தாலும் ஆமாம். 'ட்ரூ' என்ற ஸ்ட்ரிங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டணத்திலும் இதே வம்பு: 5 ரூபாய் டிக்கெட்டோடு 10 ரூபாய் டிக்கெட்டைக் கூட்டினால் 510 என்று நிற்கும். நம்பராக மாற்றிவிட்டுக் கூட்டுங்கள். அதே வேகத்தில் எஸ்டிடி கோடு 044-ஐயும் மாற்றிவிடாதீர்கள், 44 ஆகிவிடும்.

கேள்வி: வண்டி நேரம், பிளாட்பாரம் எல்லாம் சேர்த்து ஒரு ஆப்ஜெக்ட்டையே வைத்தேன். 'ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்' என்று வருகிறது. (வண்டலூர்)

பதில்: ஜேசன் ஸ்ட்ரிஞ்சிஃபை செய்து வைத்து, பார்ஸ் செய்து எடுக்கலாம். சின்ன விவரத்துக்குச் சரி. முழு அட்டவணையையும் ஒவ்வொரு வரியிலும் தொங்கவிட்டால் பக்கம் நகராது. வரியில் கோடு மட்டும் போதும். மற்றதை ஒரு மேப்பில் வைத்து, அந்தக் கோடு மூலம் தேடுங்கள். ஸ்டேஷன் பெயரை நம்ப வேண்டாம், பெயர் மாறும். மெட்ராஸ் 1996-இல் சென்னை ஆனது. ஆனால் எழும்பூரின் கோடு இன்னும் 'எம்எஸ்'தான்.

கேள்வி: அட்மின் பாஸ்வேர்டையும் டேட்டா ஆட்ரிபியூட்டில் வைக்கலாமா? (பல்லாவரம்)

பதில்: தாம்பரம் ஸ்டேஷன் மைக்கில் சொல்லிவிடுங்கள். சோர்ஸைத் திறந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். மைக்கில் சொன்னால் கூட்டத்தில் ஒருவருக்கும் கேட்காது.