சாணையியல்: தேக்கா வட்டார ஆய்வு

இவ்வாய்வின் களம், தேக்காவை அடுத்த வீவக வீடொன்றில் சமையலறைக்குப் பின்னால் துணி உலர்த்தும் இடம். ஆய்வுப்பொருள், ஐந்து கடைசல் உளி. ஆய்வாளர், பேத்திக்கு அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் மாதிரி ஒரு செட் கடைந்து தருவதாகத் தீபாவளியன்று வாய்விட்டவர். இப்போது பொங்கலும் போய்விட்டது. தாமதத்துக்குக் காரணம் சோம்பல் என்று வீட்டில் ஒரு கருத்து நிலவுகிறது, ஆதாரமற்றது. எப்படிக் கூர் தீட்டுவது என்று முடிவாகாமல் உளியை மரத்தில் வைக்கலாகாது என்ப.

ஏன் இத்தனை கறார்? தச்சனின் உளி தட்டினால்தான் வேலை செய்யும். கடைசல் உளியோ பிடித்த இடத்தில் இருக்க, மரம் ஓடி வந்து உரசுகிறது. 20 சென்டிமீட்டர் அகலக் கிண்ணம் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால், ஐந்தே நிமிடத்தில் உளிமுனையைக் கடக்கும் மரம் 3 கிலோமீட்டர். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி போகிற தூரத்தை ஒட்டி வருகிறது. அதுவும் வெறுங்காலில். மழுங்காமல் என்ன செய்யும்?

இனி முறைகள். கையால் கல்லில் தேய்ப்பது முதலாவது. பொறுமை வேண்டுமாம், தள்ளப்பட்டது. அடுத்தது மின்சாரச் சாணைச் சக்கரம். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வேக ரகம் நிமிடத்துக்கு 2,850 சுற்றை நெருங்கும். நிதான ரகம் அதில் பாதி. பொறி பறக்கும், முனையில் நீலம் பாயும். நீலம் கண்டால் உளி செத்தது என்பது கார்பன் எஃகுக் காலத்துப் பயம். இன்றைய ஹை ஸ்பீட் ஸ்டீல் 500 டிகிரியிலும் விறைப்பை விடாது. ஆகவே இரும்பைப் பற்றிக் கவலையில்லை; கவலை கீழ்வீட்டைப் பற்றியது. பேரோசை எழுப்பும் புதுப்பிப்பு வேலைக்கு வீவக வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் இடம் தருகிறது. உளிமுனையைப் புதுப்பிப்பதும் ‘புதுப்பிப்பு’ ஆகுமா? இரவல் சக்கரத்தை ஒரு சனிக்கிழமை ஓட்டிப் பார்த்ததில், ஆகும் என்று கீழ்வீட்டு ஆன்ட்டி துடைப்பக்கட்டையால் தம் கூரையை மூன்று முறை இடித்து நிறுவினார். எதிர்வாதம் எழவில்லை.

1973இல் சுவீடனில் தொடங்கிய சாணை நிறுவனமான டோர்மெக்கின் வழி வேறு. கல் தண்ணீரில் நனைந்தபடி நிமிடத்துக்கு 90 சுற்றுதான் சுற்றும். உளிக்குச் சூடே ஏறாது. விலையைக் கேட்ட ஆய்வாளருக்கு ஏறியது. கடினத்தில் வைரத்தை அடுத்து நிற்கும் சிபிஎன் சக்கரமும் உண்டு. பேத்தியின் பேத்திக்கும் உழைக்கும் என்ற வாதம் வீட்டில் எடுபடவில்லை.

இந்நிலையில், ஆய்வேடுகளில் இடம்பெறாத ஒரு மரபு சமையலறையில் கண்டறியப்பட்டது. மனைவி பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் மெருகேறாத சொரசொர வளையத்தில் கத்தியை நாலு இழுப்பு இழுத்தார். பீங்கான் எஃகைவிடக் கடினம். எனவே முறை அறிவியலுக்கு உட்பட்டதே.

“எத்தனை டிகிரி சாய்வு?” என்று ஆய்வாளர் குறிப்பேட்டுடன் வினவினார்.

“முருங்கைக்காய் அறுபடுற அளவு. தள்ளி நில்லுங்க.”

மறுநாள் ஐந்து உளியில் ஒன்றைக் காணோம். கிண்ண வளைவு கடைவதற்கென்று வாங்கிய குழி உளி அது. தேடியபோது தேங்காய் மூடிக்குள் இருந்தது. உளியின் வளைவும் ஓட்டின் வளைவும் அச்சாகப் பொருந்தியிருந்தன. சில்லு முழுசாகப் பெயர்ந்து சட்டினிக்குப் போயிருந்தது. முனையைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தால், மயிர் சிரைக்கலாம். கிண்ணத்தடி வேலை என்பதில் ஐயமில்லை.

காலியான சிரட்டையைப் பேத்தி எடுத்துப்போய்க் கூடத்தில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருக்கிறாள். சொப்பு எப்போது வரும் என்று அவள் இப்போதெல்லாம் கேட்பதில்லை.