ஓட்டை சைலன்சர் மிராசுதார்

காவிரி டெல்டாவில் பழைய புல்லட் வைத்திருப்பவரை அடையாளம் கண்டுகொள்ள அவரை நேரில் பார்க்க வேண்டியதில்லை. வெண்ணாற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போதே ஊருக்குள் தகவல் வந்துவிடும். பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் அடையாளங்கள் இவை: வயது அறுபதைத் தாண்டியிருக்கும், மடித்துக் கட்டிய வேட்டி, அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியும் சிட்டா நகலும், தலைக்கவசம் டேங்கின் மேல் உட்கார்ந்து பயணம் செய்யும். எண் பலகையில் தஞ்சாவூரின் டி.என். 49, கும்பகோணத்தின் டி.என். 68 எதுவும் இருக்காது. அதற்கு முந்திய காலத்து மூன்றெழுத்து வரிசை இருக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இந்த ஏற்பாட்டால் வண்டியை இரவல் கேட்பவர்கள் ஒரு தடவையோடு நின்றுவிடுகிறார்கள். பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து வாய்க்காலில் இறங்கியவர்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு.

இந்த வண்டிக்கும் நெல்லுக்கும் உறவு பழையது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தயாரான 350 சி.சி. புல்லட் முதலில் ராணுவத்துக்கும் போலீசுக்கும் போனது. அப்புறம் அறுவடை முடிந்து கையில் காசு வைத்திருந்தவர்களிடம் வந்தது. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். பிஸ்டன் நெடுந்தூரம் போய்வருவதால் எஞ்சின் நிதானமாக அடிக்கும். ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் காதில் விழும். அந்த நிதானம் மிராசுதாரின் நடைக்குப் பொருந்திவிட்டது. பிறகு காலம் மாறியது. நில உச்சவரம்பு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 30 ஸ்டாண்டர்டு ஏக்கராக இருந்து, 1970இல் 15 ஆனது. மிச்சம் இருந்ததை அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். புல்லட்டைப் பாகம் போட வழியில்லாததால் அது மட்டும் முழுசாக ஒருவர் கைக்கு வந்தது. சொத்தில் குறையாமல் வந்த ஒரே அயிட்டம் என்பதால் அதில் ஒரு நட்டைக்கூட மாற்ற அவருக்கு மனம் வருவதில்லை. ஆனால் சைலன்சர் இந்த மனநிலையை மதிப்பதில்லை.

சைலன்சர் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். ஆற்றுத் தண்ணீரோ வயல் தண்ணீரோ அல்ல, பெட்ரோலிலிருந்து வரும் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. நீண்ட தூரம் ஓடும் வண்டியில் குழாய் நன்றாகச் சூடேறி ஆவி ஆவியாகவே போய்விடும். மிராசுதாரின் வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காலையில் வீட்டிலிருந்து டீக்கடை. டீக்கடையிலிருந்து தலைமடை வயல். அங்கிருந்து நெல் கொள்முதல் நிலையம். அங்கே சாக்கு இல்லை என்ற செய்தியோடு திரும்ப வீடு. எந்த ஓட்டமும் சைலன்சர் சூடாகும் அளவுக்கு நீளாது. ஆவி குழாய்க்குள்ளேயே குளிர்ந்து, புகையிலுள்ள அமிலத்தோடு கலந்து, அடியில் தேங்கி, இரும்பை உள்ளிருந்தே தின்னும். எஞ்சினை ஒட்டிய முன்பகுதி எப்போதும் சூடாக இருப்பதால் தப்பித்துக்கொள்ளும். வால்பகுதிதான் முதலில் போகும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடை வண்டிகளுக்கு உப்புக்காற்றும் சேர்வதால் வெளியிலிருந்தும் அரிப்பு உண்டு. தண்ணீர் கடைசியில் வருகிற ஊரில் துரு முதலில் வருகிறது.

துரு உள்ளிருந்து வருவதால் வெளியே குரோம் பளபளப்பு கெடாது. தினமும் துணி போட்டுத் துடைக்கிறவருக்கு இதுதான் பெரிய ஏமாற்றம். சத்தம் மாறுவதை முதலில் கவனிப்பவர்கள் மற்றவர்கள். ஆக்சிலேட்டரை விட்டதும் படபடவென்று வெடிக்கும். பிள்ளையார் கோவில் திண்ணையில் தூங்குகிறவர் எழுந்து உட்காருவார். உரிமையாளர் இதை நோய் என்று ஒப்புக்கொள்வதில்லை. “இப்பதான்யா வண்டி நல்லா மூச்சு விடுது” என்பார். இணைப்பில் காற்று கசிந்தாலே இப்படி வெடிக்கும். கண்டுபிடிக்கும் முறை எளிது: எஞ்சினை ஓடவிட்டு, ஈரத்துணியைச் சுருட்டிச் சைலன்சரின் வாயை ஒரு கணம் பொத்திப் பிடிக்க வேண்டும். நல்ல சைலன்சரானால் புகை துணியைத் தள்ளும், எஞ்சின் திணறும். ஓட்டைச் சைலன்சரானால் எஞ்சின் எதுவும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். புகை கிளாம்ப் பக்கமும் அடிப்பக்கமும் புஸ்ஸென்று வந்து, பொத்தியவரின் வேட்டியில் கரிக்கோடு போடும்.

அடுத்த கட்டம் கைவைத்தியம். பெட்ரோல் டேங்க் கசிவைச் சோப்புத் தேய்த்து அடைத்து ஒரு போகம் முழுக்க ஓட்டியவர் என்பதால் அவருக்குத் தன்னம்பிக்கை அதிகம். முதலில் எம்-சீல் வாங்கி, இரண்டு நிறத்தையும் பிசைந்து, ஓட்டையில் அப்புவார். மாலைவரை அது கல்லாக நிற்கும். மறுநாள் காலை சைலன்சர் சூடானதும் இளகிக் கருகி, ஒரு வாசனையைக் கிளப்பிவிட்டு உதிர்ந்துவிடும். பிறகு மோட்டார் கொட்டகையிலிருந்து ஆயில் எஞ்சினுக்குச் சுற்றுகிற ஆஸ்பெஸ்டாஸ் கயிறு வரும். அதுவும் போதாதபோது டால்டா டப்பாவை வெட்டித் தகடாக்கி, சைலன்சரைச் சுற்றி வளைத்து, கட்டுக்கம்பியால் முறுக்கிவிடுவார். உண்மையில் இது மோசமான முறை அல்ல; உள்ளே கயிறும் வெளியே தகடும் இரண்டு கிளாம்பும் போட்டால் சில மாதம் தாங்கும். ஆனால் கட்டுக்கம்பி அதிர்வில் தளர்ந்து, தகடு தனியாக ஒரு தாளம் போடத் தொடங்கும். எஞ்சின் ஆதி தாளத்தில் போக, தகடு மிஸ்ர சாப்பில் போகிறது என்று திருவையாற்றுப் பக்கத்தில் சொல்வார்கள்.

இதற்குப் பிறகுதான் மேஸ்திரி. டெல்டாவின் புல்லட் மேஸ்திரி தனி மனிதர். ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் கொட்டகை, வாசலில் எப்போதும் பிரித்துப்போட்ட ஒரு வண்டி. அந்த வண்டி யாருடையது என்று கேட்கக் கூடாது. அவர் வந்த வண்டியை உடனே தொடமாட்டார். குந்தி உட்கார்ந்து, திருப்புளியின் முனையால் சைலன்சரின் அடிவயிற்றைத் தட்டிக்கொண்டே போவார். டிங், டிங், டிங், பொத். குரோம் பளபளக்கிற இடத்திலேயே திருப்புளி பிடிவரைக்கும் உள்ளே போய்விடும். வெளியே இழுத்தால் ஒரு கைப்பிடித் துரு கொட்டும்.

“ஒரு பத்தவைப்பு வச்சுக் குடுத்துடு மேஸ்திரி.”

“வைக்கலாங்க ஐயா. பத்த வைக்கிறதுக்கு இரும்புதான் இல்லீங்க.”

இதில் மேஸ்திரி பக்கமே நியாயம். தகடு காகிதமாக மெலிந்த பிறகு கேஸ் வெல்டிங் சுடர் பட்டதும் ஓட்டை அடைபடாது, பெரிதாகும். பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டினால் சூடு குறைவு, ஒட்டு நிற்கும். ஆனால் ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி விடும். வெல்டிங் பட்ட இடத்தில் குரோம் எரிந்து கருத்துவிடும். மறுபடி முலாம் பூசலாம் என்றால் துருவேறிய தகட்டைப் பாலிஷ் சக்கரத்தில் வைத்ததும் மிச்சம் இருப்பதும் போய்விடும். இவ்வளவையும் மேஸ்திரி விளக்கி முடித்ததும் ஐயா கேட்பார்: “சரி, வெல்டிங் வச்சா எவ்வளவு ஆகும்?” புதுச் சைலன்சரின் விலை முழுவதும் இப்படித் தவணை முறையில் வெல்டிங் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அடுத்த பேச்சு ஆரம்பமாகும்.

இங்கே யெஸ்டிக்காரரையும் சொல்லிவிட வேண்டும்; அவர் இந்த இனத்தின் கிளைப்பிரிவு. பெரும்பாலும் ஓய்வுபெற்ற வாத்தியார் அல்லது கூட்டுறவுச் சங்கச் செயலாளர். மைசூரின் ஐடியல் ஜாவா ஆலையிலிருந்து 1996 வரை வந்த அந்த வண்டிக்கு இரண்டு சைலன்சர். டூ-ஸ்ட்ரோக் ஆனதால் பெட்ரோலோடு எரியும் ஆயில் உட்புறத்தில் படிந்து துருவைத் தடுத்துவிடும். ஆனால் அதுவே கரியாக இறுகி வழியை அடைக்கும். வண்டி ஏற்றத்தில் இழுக்காது. மருந்து, உள்குழலை உருவி வைக்கோலோ விரட்டியோ போட்டு நெருப்பில் வாட்டி, ஆறியதும் தட்டுவது. காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறப்போடுவோரும் உண்டு. வாத்தியார் இதைக் கொல்லையில் செய்யும் நாளில் அக்கம்பக்கத்தில் யாரும் துணி உலர்த்துவதில்லை.

புதுச் சைலன்சர் வாங்குவது என்று முடிவானதும் கடைக்காரர் நாலு வகையைக் காட்டுவார்: ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், கோல்டுஸ்டார், மெகாபோன். இதில் கோல்டுஸ்டார் என்பது பி.எஸ்.ஏ. என்ற வேறு கம்பெனி வண்டியின் பெயர். புல்லட்காரருக்கு அதனால் ஒன்றும் குறைவில்லை. கல்லூரியில் படிக்கும் பேரன் பஞ்சாப் சைலன்சர் போடச் சொல்வான். அது போட்டால் ஊர்க்கோடி மாடு கயிற்றை அறுத்துக்கொள்ளும். ஐயா ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, கனத்தை மனசில் நிறுத்து, விரலால் சுண்டிக் காதருகே வைத்துப் பானை வாங்குகிற மாதிரி சோதிப்பார். அவருடைய கேள்வி ஒன்றுதான்: “பழைய சத்தம் வருமா?” சத்தத்தைக் குறைக்கச் செய்த சாமானைச் சத்தத்துக்காகவே தேர்ந்தெடுக்கும் நுகர்வோர் இவரைத் தவிர அதிகம் இருக்க முடியாது.

மாட்டுவதில் நுட்பம் கொஞ்சம் உண்டு. பழைய போல்ட்டு திருகினால் வராது. முதல் நாள் ராத்திரியே மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட வேண்டும், அப்படியும் அசையாவிட்டால் நட்டைச் சூடாக்க வேண்டும். ஐயா ஊறவிடும் பொறுமை இல்லாமல் ஸ்பேனரில் குழாயைச் செருகி எக்குவார். போல்ட்டின் தலை தனியாகக் கையோடு வந்துவிடும். புதியதை மாட்டும்போது எல்லா நட்டையும் முதலில் தளர்வாகவே போட்டு, பெண்ட் பைப்பும் சைலன்சரும் ஒரே கோட்டில் இழுபடாமல் உட்கார்ந்த பிறகு, எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்கிக்கொண்டு வர வேண்டும். வலிந்து இழுத்து மாட்டினால் அதிர்வில் பிராக்கெட் விரியும்.

சைலன்சர் புதிதானதும் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. அத்தனை வருஷமும் அந்தச் சத்தம் ஊருக்கு அறிவிப்பாக இருந்தது. வண்டி மதகைத் தாண்டும்போது வரப்பில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து குனிந்து நாற்றுப் பிடித்துக்கொள்வார்கள். மணியக்காரர் பம்புசெட் கொட்டகையில் சீட்டுக் கட்டை மடியில் செருகிக்கொள்வார். அம்மா அடுப்பில் பாலை வைப்பார். வண்டி வாசலில் நிற்கவும் காபி ஆற்றவும் சரியாக இருக்கும். இப்போது ஐயா ஒரு சத்தமுமில்லாமல் வந்து நிற்கிறார். உழைப்பைப் பற்றித் தாம் வைத்திருந்த நல்ல அபிப்பிராயங்கள் அனைத்தையும் ஒரே வாரத்தில் இழக்கிறார். டீக்கடையில் தம்மைப் பற்றியே நடந்துகொண்டிருந்த பேச்சின் நடுப்பகுதியைக் கேட்க நேர்கிறது. வீட்டில் காபி இல்லை.

“வர்றது தெரிஞ்சாத்தானேங்க பாலை வைக்க?”

பரிகாரமாக மேஸ்திரியிடம் போய், உள்ளே இருக்கும் தடுப்பை எடுத்துவிடச் சொல்லுவார். இதற்குச் சட்டம் இடம் தராது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆவது விதி ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சர் வேண்டும் என்கிறது. இரைச்சல் வரம்பை மீறினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம், மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். இதைச் சொன்னால், இன்ஸ்பெக்டரின் அப்பாவே இந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனவர் என்பார். மேஸ்திரி சட்டத்தை எடுப்பதில்லை. “அதை எடுத்தா வண்டி இழுக்காதுங்க ஐயா” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இது முழு உண்மை இல்லை என்றாலும், தடுப்பை எடுத்தால் கார்ப்பரேட்டரில் காற்று, பெட்ரோல் அளவு பொருந்தாமல் போகும் என்பது உண்மை.

சட்டத்தில் இன்னொரு கதவும் உண்டு. 2021இல் வந்த விதிகளின்படி 50 ஆண்டு கடந்த, உருமாறாத வண்டியை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்து தனி எண் வாங்கலாம். ஆனால் அப்படி வாங்கினால் அன்றாடக் காரியங்களுக்குச் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம். வயலுக்குப் போகாத வண்டி எதற்கு என்று மிராசுதார்கள் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். கடைசிச் சலுகையை அவர்கள் கவனித்துப் படித்ததாகத் தெரியவில்லை. பாதி நாள் வண்டி பழுது பார்க்கத்தானே போகிறது.

கழற்றிய சைலன்சர் பழைய இரும்புக்காரரிடம் போகாது. பேரீச்சம்பழக் காலத்திலேயே போகவில்லை. அது சில நாள் திண்ணையிலும் சில நாள் பத்தாயத்தின் மேலும் இருந்துவிட்டு, துரு ஏறாத முன்பாதி மட்டும் அறுபட்டு, மோட்டார் கொட்டகையில் ஆயில் எஞ்சினின் புகைக் குழாயில் ஏறும். ஐயா ஊகிக்காத பலன் அங்கேதான் கிடைக்கிறது. எஞ்சின் ஓடுகிறவரைக்கும் வண்டிச் சத்தம் வயலில் கேட்டுக்கொண்டே இருப்பதால் வரப்பில் யாரும் உட்காருவதில்லை. ஐயா வீட்டில் மதியத் தூக்கம் தூங்கலாம். டீசலைத்தான் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும்.